விடுதலை மேடைக்கு நான் கட்டிய குழாய்கள்

பாப்பா,

உன் கடிதத்தைத் தபாலில் போட்டால் தாமதமாகும் என்று விழுப்புரம் பஸ் கண்டக்டர் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறாய். அவ்வளவு அவசரம் உனக்கு. நான்தான் அவசரப்படவில்லை. படித்தேன், மடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் செருகினேன், மறுபடி எடுத்துப் படித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் திண்டிவனக் கடைத்தெரு மைதானத்தில் நடக்கும் தேர்தல் பொதுக்கூட்டத்தில் நீ மேடையேறிப் பேசப்போகிறாய். தலைப்பு விடுதலை. "அப்பா, நீங்க சரின்னு ஒரு வார்த்தை எழுதினா போதும், எனக்கு யானை பலம்" என்று முடித்திருக்கிறாய். ஒரு வார்த்தையில் எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் மைக் செட் கடை வைத்துக்கொண்டு காலம் தள்ளப்போகிறேன்? தந்தி ஆபீசில் சேர்ந்திருப்பேனே. அதனால் கொஞ்சம் பொறுத்துப் படி. சரியா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் விடுதலை என்ற சொல்லை என்னைவிட அதிகமாகக் கேட்டவன் இருக்க முடியாது. எல்லாக் கட்சிக்கும் நான்தான் மைக் கட்டியிருக்கிறேன். ஒருவர் பசியிலிருந்து விடுதலை என்பார். அடுத்த வாரம் அதே மைதானத்தில் இன்னொருவர் வந்து, போன வாரம் பேசினவரிடமிருந்து விடுதலை என்பார். சாதியிலிருந்து, கடனிலிருந்து, டில்லியிலிருந்து, எதிலிருந்தெல்லாமோ விடுதலை. எதைச் சொன்னாலும் அந்தச் சொல் வரும் இடத்தில் குரல் மேலே ஏறும். ஒலிபெருக்கிக் குழாய் கீச்சென்று கத்திவிடாமல் இருக்க நான் ஆம்ப்ளிஃபயர் குமிழைக் கொஞ்சம் குறைப்பேன். வருஷக்கணக்காகக் குறைத்துக் குறைத்து இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே என் கை தானாகக் குமிழுக்குப் போகிறது. உன் கடிதத்தைப் படிக்கும்போதும் போனது. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மைக் உனக்குப் புதிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உனக்குப் பேச்சு வந்த புதிதில், கடைத்தெரு மைதானத்தில் செட் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தபோது உன்னைத் தூக்கி மைக் முன்னால் நிறுத்தினேன். "ஏதாச்சும் சொல்லு கண்ணு" என்றேன். நீ வாயைத் திறக்க மாட்டேன் என்றாய். காய்கறிக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா! நீ எங்கக்கீற?" என்று கத்தினாய். கடைத்தெருவே கொல்லென்று சிரித்தது. உனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து உன் அம்மாவிடம், "நான் கூப்ட்டேனே, கேட்டுச்சா?" என்று கேட்டாய். "கேக்கலியே கண்ணு" என்றாள் அவள். மைதானத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று சாப்பிடவேயில்லை.

போன முறை நீ வந்திருந்தபோது நமக்குள் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், கைநிறைய வேலை இருக்கிறது, இந்த மேடை உனக்கு எதற்கு என்று கேட்டேன். "எங்க கட்சி முற்போக்குக் கட்சிப்பா. மத்தவங்க மாதிரி இல்ல" என்றாய். மத்தவங்க மாதிரி இல்லை என்று சொல்லாத கட்சி ஒன்றைக் காட்டு என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கினே இருந்தா, அப்புறம் யாருதாம்பா பேசறது?" என்று கேட்டுவிட்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நல்ல கேள்வி. ஆனால் என் சந்தேகம் எங்கே பிறந்தது என்று உனக்கு நான் சொன்னதேயில்லை. அதைச் சொல்லிவிட்டால் நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். இதே போல ஒரு தேர்தல். விக்கிரவாண்டி தாண்டி உள்ளே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். இப்போது நீ இருக்கிறாயே, அதே கட்சி, அதே கொடி. மேடையைக் காலனி முனையில் போட்டிருந்தார்கள். விடுதலைக் கூட்டத்தைக் காலனி முனையில் போட்டால்தானே பேப்பரில் படம் எடுப்பாக இருக்கும்! நான் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கி, ஒரு குழாயை ஊர்ப்பக்கமும் ஒரு குழாயைக் காலனிப் பக்கமுமாக வேப்பமரத்தில் கட்டினேன். கிளைச் செயலாளர் ஓடி வந்தார். அவர் ஊரில் நிலபுலன் உள்ளவர், நல்ல மாதிரியான ஆள்தான், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"இன்னா மைக்செட்டு, அந்தப் பக்கம் எதுக்குக் கொழா? ரெண்டையும் ஊரைப் பாத்துக் கட்டு" என்றார்.

"காலனிக்குக் கேக்காதுங்களே?"

"காலனி ஓட்டு எங்கய்யா போயிடப் போவுது? அது நம்ம பொட்டியில வுழுந்த மாதிரிதான். ஊருலதான் சிதறிக்கினு கெடக்குது. பேச்சு அவங்களுக்குத்தான். ஜல்தியா திருப்பு, தலைவர் கார் கூட்டேரிப்பட்டு தாண்டிட்டுதாம்."

திருப்பினேன். செட்டு என்னுடையது என்றாலும் குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்வது கூட்டம் போடுகிறவர்கள்தான். எங்கள் தொழிலில் அது வழக்கம். நான் அதை அப்போது பெரிதாக நினைக்கவுமில்லை. மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற நாட்கள் அவை. காலனிப் பெண்கள் பொழுது சாய்ந்துதான் வேலையிலிருந்து வந்தார்கள். மைக்தானே, வீட்டிலிருந்தே கேட்கும் என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். குழாய்க்குப் பின்னால் இருப்பவர்களுக்கு யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. மேடைக்கு முன்னால் காலனி ஆட்கள் நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் வந்தார், பேசினார், நன்றாகவே பேசினார். பொய் சொல்லக்கூடாது, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பேசி முடித்ததும் மாலை போடுவதற்குக் காலனியிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அஞ்சலை என்று பெயர். நடவுக்கும் களையெடுக்கவும் ஆள் சேர்த்துக்கொண்டு போகிற பெண், முப்பது வயசு இருக்கும். மாலை போட்டாள், போட்டோ எடுத்தார்கள். தலைவருக்கு உற்சாகம். "நம் சகோதரி இரண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கை அவளிடம் நீட்டிவிட்டார். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் வணக்கங்க. எனக்குப் பேசத் தெரியாது. இம்மாம் நேரம் விடுதலை விடுதலைன்னு சொன்னீங்க, சந்தோசங்க. எங்க கெணத்துல தண்ணி அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. ரோட்டோரத்துல பொதுக் கெணறு இருக்குது. பேரு பொதுக் கெணறு, நாங்க கிட்ட போவ முடியாது. நாளைக்கிக் காலையில கொடத்தை எடுத்துக்கினு நான் அங்க வர்றேன். மேடைமேல இருக்கிற பெரியவங்க யாருனா ஒருத்தர் என்கூட வர்றீங்களா? வர்றேன்னு இந்த மைக்குலயே சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

நான் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தேன். கிளைச் செயலாளர் என்னைப் பார்த்து விரலைத் திருகிக் காட்டினார், குமிழைக் குறை என்று. நான் பார்க்காதவன் போல ஒயரைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. தலைவர் சோடா குடித்தார். "தோழர்கள் கவனிப்பார்கள்" என்றார். அடுத்த ஊரில் கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது என்று காரில் ஏறிவிட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை பாப்பா. அவருக்குப் போவதற்கு ஒரு கார் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் குழாய்களை அவிழ்த்து எடுக்கப் போனேன். அஞ்சலை குடத்தோடு பொதுக் கிணற்றுக்குப் போய், வெறுங்குடத்தோடு திரும்பி வந்திருந்தாள். கிணற்றடியில் ஊர் ஆட்கள் பத்துப் பேர் நின்றிருக்கிறார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருவரும் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அவள் தெருவிலிருந்தும் ஒருவரும் கூடப் போகவில்லை! ஏன் தெரியுமா? விடிந்ததும் கொல்லைக்காட்டுக்கு வேலைக்குப் போனவர்களிடம் ஊர்க்காரர்கள் ஒரு கதையைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "உங்க அஞ்சலை நேத்து இன்னா கேட்டுச்சு தெரியுமா? கெணறும் வாணாம் ஒண்ணும் வாணாம், எனக்கு மட்டும் ஒரு மனைப்பட்டா குடுத்துடுங்கன்னு தலைவர் கால்ல வுழுந்துச்சு" என்று. தெருக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்தது மாலையை, போட்டோ வெளிச்சத்தை, தலைவர் கும்பிட்டதை. காதில் விழுந்தது வெறும் முணுமுணுப்பு. நம்பிவிட்டார்கள், அஞ்சலை இல்லையென்று அடித்துச் சொல்லியும் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்து கேட்ட அந்த நாலைந்து பேருக்கு உண்மை தெரியும். ஆனால் அவர்களும் மறுநாள் கூலிக்கு ஊர்க்காரர் நிலத்துக்குத்தான் போகவேண்டும். வாயைத் திறக்கவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுத் தெருவுக்குள் போய், "நான் பக்கத்துலயே இருந்தேன். அது தண்ணியத்தான் கேட்டுச்சு, உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் கேட்டுச்சு" என்றேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். "நீ யாரு? மைக்செட்டுதானே? அவங்க கூப்ட்டா வர்ற, கட்டச் சொன்ன பக்கம் கட்டற. நீ வந்து சாட்சி சொல்றியா? போய்யா, போய் வேலையப் பாரு" என்றார். அவர் பேசியதில் என்ன தப்பு? என்னைச் சந்தேகப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் வந்துவிட்டேன். அதற்கப்புறம் நடவுக்கு அஞ்சலையோடு போக யாரும் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கொஞ்ச காலம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் சோற்றுத் தூக்கு, தலையில் சும்மாடுத் துணி. வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவளே வந்தாள்.

"ஏண்ணா, நல்லாக்கீறியா? இன்னும் கொழா கட்டிக்கினுதான் இருக்கியா?"

"ஆமாம்மா. நீ எப்படி இருக்கற?"

"எப்படிக்கீறேன்? சிமெண்டு தூக்கிக்கினுக்கீறேன். அன்னிக்கு நீ ஒரு கொழாயை எங்க தெருவப் பாத்துக் கட்டியிருந்தா என் ஜனம் என்கூட வந்திருக்கும். ஊருக்குத் தெரியாத சேதியா நான் சொன்னேன்? எங்க ஆளுங்களுக்குல்ல அது கேட்டிருக்கணும்!"

"அப்படிக் கட்டச் சொன்னாங்கம்மா" என்றேன்.

"சொன்னாங்களாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இதுதான் கதை. இப்போது உன் கூட்டத்துக்கு வருகிறேன். நேற்று உன் கட்சியின் நகரச் செயலாளர் மைக் செட்டுக்குச் சொல்லிவைக்க நம் கடைக்கு வந்தார். சிரித்த முகம். "பாப்பா பேசுது, உங்களுக்குப் பெருமைதானே?" என்றார். எத்தனை மணிக்குப் பேசுகிறாள் என்று கேட்டேன். "அஞ்சரைக்கே ஏத்திடறோம். தலைவர் வர்ற வரைக்கும் கூட்டத்தைப் புடிச்சு வெக்கணும் இல்ல?" என்றார். புரிகிறதா பாப்பா? உனக்கு முன்னால் இன்னும் பாய்கூட விரித்திருக்க மாட்டார்கள். நான் ஹலோ ஹலோ என்று தட்டிச் சோதிக்கிறேனே, அதற்கு அடுத்த சோதனை நீ. இத்தனை வருஷத்தில் முற்போக்கு மேடைகளில் பெண்கள் பேசி நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். பெண் விடுதலை பற்றிப் பெண் பேசும்போது கேட்பது டீக்கடைக்காரனும் நானும். தலைவர் வந்த பிறகு அதே பெண் விடுதலை பற்றி ஓர் ஆண் பேசுவார், கைத்தட்டல் பறக்கும்.

அது போகட்டும் என்று குழாய் எந்தப் பக்கம் கட்டுவது என்று கேட்டேன். "எல்லாத்தையும் கடைத்தெருவப் பாத்துக் கட்டிடுங்க. பின்பக்கம் காலனியும் உங்க தெருவும்தானே. நம்ம ஜனம், நம்ம ஓட்டு, எங்க போயிடப் போவுது?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆள் வேறு, ஊர் வேறு, வாக்கியம் அதேதான். யாரை விடுதலை செய்யப்போகிறோம் என்கிறார்களோ அவர்களுக்குத்தான் பேச்சு கேட்க வேண்டியதில்லை. கைக்குள் இருக்கிறவர்களிடம் யார் போய் மெனக்கெட்டுப் பேசுவார்கள்? நாளைக்கு உன்னைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்: நம்ம பொண்ணுதானே, எங்க போயிடப் போவுது?

அதனால் சொல்கிறேன், கட்சியில் எழுதிக் கொடுத்ததைப் படிக்காதே. அஞ்சரைக்குப் பேச மாட்டேன், கூட்டம் சேர்ந்த பிறகு பேசுகிறேன் என்று இப்போதே சொல். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், சுளிப்பது யார் என்று பார்த்து வைத்துக்கொள். விடுதலை என்று நீ எதைச் சொன்னாலும், மறுநாள் காலையில் அதற்காக உன்கூட நடந்து வரப்போவது யார் என்று மேடை ஏறுவதற்கு முன்பே கேள். தலைவரின் கார் போய்விடும். நீ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அதே பஸ்ஸில், அதே ஜனங்களோடுதான் போக வேண்டும். அவர்கள் உன்னைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது உன் கையில் இல்லை, குழாய் கட்டுகிறவன் கையில் இருக்கிறது. என் பயமெல்லாம் அதுதான் பாப்பா. நீ மோசமாகப் பேசிவிடுவாய் என்றா பயப்படுகிறேன்? நன்றாகப் பேசிவிட்டு, அஞ்சலை மாதிரி தனியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன்.

இதுவரை எழுதிவிட்டு, சரி என்று எழுதுவதா வேண்டாம் என்று எழுதுவதா தெரியாமல் பேனாவை மூடி வைத்திருந்தேன். உன் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அஞ்சலை கதை அவளுக்கும் புதிது. முழுக்கக் கேட்டாள். உரித்த தோலை முறத்தில் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பொண்ணுக்குக் கொழா கட்டலன்னு இத்தினி பேப்பர் எழுதி அழுவுறீங்களே. இத்தினி வருசத்துல நீங்க கட்டின கொழா ஒண்ணுனா நம்ம வூட்டைப் பாத்திருக்குதா?"

"நம்ம வூடுதானே..." என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அந்தப் பழைய வாக்கியம் என் காதில் விழுந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "எவன் எவனோ பேசறான், ஊருக்கெல்லாம் கேக்குது. எனக்கு இரைச்சல்தான் கேக்குது. கொழந்தையில அவ அம்மான்னு மைக்குல கூப்ட்டாளாம், கடைத்தெருவே கேட்டுதாம். எனக்குக் கேட்டுதா? சாப்புடாம படுத்துச்சே அன்னிக்கு!"

"ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வாயேன். முன்னால நாற்காலி போடச் சொல்றேன்" என்றேன்.

"நான் எதுக்கு வரணும்? ஊர்ல இருக்கிறவன் வூட்டுக்கெல்லாம் பேச்சு தேடிக்கினு போவுது. எனக்கு மட்டும் நான் நடந்து வரணுமா? முட்டி வலிக்குது, வர மாட்டேன். எம் பொண்ணு பேசறது என் வாசலுக்கு வரணும்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன்னைக் கேட்காமலே, என்னையும் கேட்காமலே அவள் சரி என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் ஒரு வாரமாக அந்த ஒரு சொல் வரவில்லை.

எழுதிக்கொள். சரி. என் சந்தேகம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, உன் செயலாளரின் சிரிப்பை இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் சந்தேகப்படுகிறவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சந்தேகப்படுவதில் பிரயோஜனம் இல்லை, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நகரச் செயலாளருக்கு இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன்: செட்டு வேண்டுமென்றால் குழாய் என் இஷ்டம், இல்லையென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும். காலனிப் பக்கம் ஒன்று, நம் தெருப்பக்கம் ஒன்று. கடைத்தெருவுக்கு மிச்சம் இருப்பது போதும்.

நீ சீக்கிரம் வந்துவிடு. சோதனைக்கு நான் இந்த முறை ஹலோ சொல்லப்போவதில்லை. நீ மைக் முன்னால் நின்று, அன்றைக்குக் கூப்பிட்டாயே, அதே மாதிரி அம்மா என்று ஒரு தரம் கூப்பிடு. கேட்டால் வாசல் லைட்டைப் போடும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தால் நம் வீட்டு வாசல் தெரியும். லைட் எரிந்தால் பேசு.

உன் அப்பா